புது வீட்டு வாசனை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டவிருக்கிறோம். ஐந்து வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது; வயதான மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு செய்யாத பொருள்களைக் கொண்டு கட்ட விரும்புகிறோம். பொறியாளர் ஏஏசி (நுண்ணிய காற்றறைகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட்) கட்டி என்கிறார். மேஸ்திரி, உள்ளே துளையில்லாத கான்கிரீட் கட்டியான சாலிட் பிளாக்தான் உறுதி என்கிறார். நண்பர் ஒருவர் மண் கட்டியைச் சொல்கிறார். கறையான் மருந்து அடிக்கலாமா? சேலத்தில் பாட்டி வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவை வாசலில் பொருத்தவும் ஆசை. செலவுக்கு எல்லை உண்டு. எதில் தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வீட்டுக்குள் இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றை எது கெடுக்கிறது என்பது ஒன்று. வீடு கட்டுவதால் மண்ணுக்கும் ஆற்றுக்கும் வானத்துக்கும் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பது மற்றொன்று. 'ஈக்கோ ஃப்ரெண்ட்லி' என்று கடைக்காரர்கள் சொல்லும்போது இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நடைமுறையில் இவற்றுக்கான விடைகள் வீட்டின் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. சுற்றுச்சூழலின் மீதான சுமையில் பெரும்பங்கு அஸ்திவாரம், சுவர், கூரை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. உங்கள் மகனின் மூச்சைத் தொடும் பொருள்களோ கடைசி இரண்டு மூன்று மாதங்களில், ஆசாரியும் பெயின்டரும் வந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைகின்றன. நீங்கள் கேட்கும் மூன்று சுவர்க் கட்டிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவனுடைய வீசிங்கில் பெரிய மாற்றம் இருக்காது. அலமாரிக்கு எந்தப் பலகை என்பதில் இருக்கக்கூடும். எனவே கடைசியில் வருவதிலிருந்து தொடங்குகிறேன்.

பார்ட்டிகிள் போர்டு (மரத்துகள் பலகை), எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), விலை குறைந்த ப்ளைவுட் ஆகியவற்றை ஒட்டி வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற பசை. வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் இந்தப் பசை மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். பொருத்திய வாரத்தோடு நின்றுவிடாமல் இது மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தொடரும். கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சலை உண்டாக்கும் இந்த வாயுவை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. உட்புறக் காற்றில் அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அந்நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. 'புது வீட்டு வாசனை' என்று நாம் ரசித்துச் சொல்வதில் இதுவும் கலந்திருக்கிறது.

பலகை வாங்கும்போது எம்ஆர் (ஈரம் தாங்குவது), பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்குவது), பிடபிள்யூபி (கொதிநீரிலும் பிரியாதது) என்ற தரக் குறியீடுகளைப் பாருங்கள். எம்ஆர் வகைக்குப் பொதுவாக யூரியா பசையும், ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 303 தரத்தின் பிடபிள்யூஆர் வகைக்கும் ஐஎஸ் 710 தரத்தின் பிடபிள்யூபி வகைக்கும் பொதுவாக ஃபீனால் பசையும் பயன்படுகின்றன. ஃபீனால் பசையின் பிணைப்பு உறுதியானது என்பதால் வாயு வெளியேறுவது வெகுவாகக் குறைகிறது. நீர் படாத படுக்கையறை அலமாரிக்கு எம்ஆர் போதும் என்று ஆசாரி சொல்வார். பலகை உப்பாமல் இருப்பதை மட்டும் கருதினால் அவர் சொல்வது சரிதான். ஆனால் குழந்தை இரவு முழுவதும் கதவு சாத்தித் தூங்கும் அறை அதுதான் என்பதால், அங்கேதான் நல்ல பலகை வேண்டும் என்பேன். ஃபார்மால்டிஹைடு எவ்வளவு வெளியேறும் என்பதைக் காட்டும் இ0, இ1 என்ற வகுப்பு எழுதியிருந்தால் அதற்கான சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களிலிருந்துதான் வாயு அதிகம் வெளியேறும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பின்பக்க ஓரங்களையும் விடாமல் எட்ஜ் பேண்ட் என்ற மெல்லிய ஓரப் பட்டையை ஒட்டச் சொல்லுங்கள்.

இதைவிட எளிய வழி, பலகையின் அளவையே குறைப்பது. நம் ஊர்ச் சமையலறைகளில் கடப்பா கல்லைச் சுவரில் பதித்து அலமாரி கட்டும் வழக்கம் இருந்ததே, அதற்கு ஈடான மாடுலர் கிச்சனை நான் இன்னும் பார்க்கவில்லை. கல் தட்டுகளை வைத்துக் கட்டி, முன்கதவுகளுக்கு மட்டும் நல்ல ப்ளைவுட் போட்டால் செலவும் குறையும். கறையானுக்கும் அங்கே வேலை இருக்காது. துணிகளுக்கு இரும்பு பீரோ இருக்கிறது. அறையின் அழகு கெட்டுவிடும் என்று இன்டீரியர் டிசைனர் முகம் சுளிக்கலாம். வீட்டில் குடியிருக்கப் போவது அவரல்ல.

லேமினேட் ஒட்டப் பயன்படும் ரப்பர் பசையில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. நீரில் கரையும் வெள்ளைப் பசை அதைவிடப் பலமடங்கு மென்மையானது. காய்வதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் ஆசாரிகள் அதைத் தவிர்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே எண்ணி, கூலி பேசும்போதே நிபந்தனையாகச் சொல்லிவிடுங்கள். மரத்துக்கு மெலமைன் பாலிஷ் வேண்டாம். அதிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. நீர் சார்ந்த பாலிஷோ ஆளி விதை எண்ணெயோ போதும்.

சுவர் வண்ணத்தைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட மேல். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி வகுத்து, அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உட்புறச் சுவர்களுக்கு நீர் சார்ந்த, விஓசி (எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) குறைந்த எமல்ஷன் வாங்குங்கள்; லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழ் என்று டப்பாவில் எழுதியிருந்தால் நல்லது. நிறம் கலந்து தரும் கடைகளில் சேர்க்கும் நிறச்சாந்திலும் விஓசி இருக்கக்கூடும் என்பதால், அடர் நிறங்களைத் தவிர்ப்பதில் பயன் உண்டு. கவனம் தேவைப்படுவது ஜன்னல் கிரில்லிலும் கேட்டிலும்தான். பெயர் தெரியாத எனாமலில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்புண்டு. இரும்புக்கு அடிக்கும் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரும் வேண்டாம். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்புவரை பாலிஷ் அடித்துக்கொண்டிருந்தால் பயனில்லை. நான் மேற்பார்வை செய்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. முகூர்த்த நாள் நெருங்கிவிட்டதென்று நானும் விட்டுக்கொடுத்தேன். ஹோமப் புகைதான் கண்ணை எரிக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். புகை அடங்கி மூன்று வாரம் ஆன பிறகும் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கண் சிவந்தே இருந்தது. குறித்த நாளில் பால் காய்ச்சுங்கள், அதில் தடையில்லை; குடிபோவதை மட்டும் மரவேலையும் வண்ணமும் முடிந்து நான்கு வாரமாவது கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து வைத்து, எதிரெதிர் ஜன்னல்களில் காற்றோட விடுங்கள். பெங்களூரின் வானிலை இதற்கு ஏற்றது. அடைமழை மாதங்களை மட்டும் தவிர்க்கப் பாருங்கள்.

வீசிங் உள்ள பிள்ளைக்கு ரசாயனத்துக்கு நிகரான எதிரி, சுவரில் படரும் பூஞ்சை. குளியலறைத் தரையின் நீர்க்காப்பு, ஜன்னலுக்கு மேல் போதிய அகலத்தில் சன்ஷேடு, அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் டிபிசி ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். விலை உயர்ந்த பச்சை முத்திரைப் பெயின்ட்டை ஓதம் அடித்த சுவரில் பூசுவதால் ஒன்றும் ஆகாது.

இனி உங்கள் சுவர்க் கேள்வி. பெங்களூரு இதில் கொடுத்து வைத்த ஊர். இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கப்பட்ட அஸ்திரா என்ற ஊரகத் தொழில்நுட்ப மையம், செம்மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண் கட்டியை நெடுங்காலம் ஆராய்ந்து பரப்பியது. சூளையில் வேகவைக்கத் தேவையில்லை என்பதே இதன் பெரிய இலாபம். அக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு சூளைச் செங்கல்லைச் செய்ய 4.25 மெகாஜூல் ஆற்றல் செலவாகிறது. 6 சதவீத சிமென்ட் கலந்த மண் கட்டியில் ஒரு செங்கல் பருமனுக்கு ஏறத்தாழ 1 மெகாஜூல்தான். வீடு முழுவதற்கும் கணக்கிட்டால், செங்கல் சுவர்கள் பாரம் தாங்கும் இரண்டு மாடி வீட்டில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு 2.92 கிகாஜூலும் (ஒரு கிகாஜூல் என்பது ஆயிரம் மெகாஜூல்), மண் கட்டியும் ஃபில்லர் ஸ்லாப் கூரையும் (அதைப் பின்னர் விளக்குகிறேன்) கொண்ட வீட்டில் 1.61 கிகாஜூலும் ஆகின்றன.

மண் கட்டி உங்களுக்குப் பொருந்துமா என்பதை மனையில் தோண்டும் மண்தான் சொல்லும். மணல் அதிகமும் களி குறைவுமான செம்மண் ஏற்றது. இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய மனையாகவோ, ஏரியை ஒட்டிய களிமண்ணாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். செய்த கட்டியை மூன்று நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தி, பிறகு சிலவற்றை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். ஓரம் கரைந்தால் கலவை சரியில்லை. ஊறிய நிலையில் அதன் தாங்குதிறனையும் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். தூண்கள் இல்லாமல் சுவரே பாரத்தைத் தாங்குமாறு கட்டினால் கம்பியும் சிமென்ட்டும் மிச்சமாகும். ஆனால் நாளை வாடகைக்கு விட மேலே இன்னும் இரண்டு மாடி ஏற்றும் எண்ணம் உள்ளூர இருந்தால் (இந்த ஊரில் அது யாருக்குத்தான் இல்லை), இப்போதே பொறியாளரிடம் சொல்லித் தூண்களோடு கட்டிவிடுங்கள். அப்படியானால், எடை குறைந்து வெப்பத்தையும் தடுக்கும் ஏஏசி கட்டி நியாயமான தேர்வு. சாலிட் பிளாக்கில் நச்சு எதுவும் இல்லை. மூன்றில் வெயிலைச் சுவருக்குள் அதிகம் கடத்துவது அதுதான்.

சிமென்ட்டைப் பொறுத்தவரை, உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் அந்தத் தொழிலிலிருந்து வருகிறது. 53 கிரேடு சாதாரண சிமென்ட்டுக்குப் பதிலாக, அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசியோ எஃகு ஆலைக் கசடு கலந்த பிஎஸ்சியோ வாங்கினால், செலவு கூடாமல் அந்தச் சுமை குறையும். நீராற்றுவதை மட்டும் கூடுதல் நாள்கள் தொடர வேண்டும். ஃபில்லர் ஸ்லாப் என்பது கூரைக் கான்கிரீட்டின் கீழ்ப்பகுதியில் பாரம் தாங்காத இடங்களை மங்களூர் ஓடுகளால் நிரப்பும் முறை. பழைய ஓடுகளே போதும். கான்கிரீட் மிச்சமாவதோடு மாடி வெப்பமும் சற்றுத் தணியும். தரைக்குக் கோட்டா, தாண்டூர், கடப்பா, ரெட் ஆக்சைடு, ஆத்தங்குடி ஓடு எதுவானாலும் உடலுக்குத் தீங்கில்லை. வினைல் தரையைத் தவிருங்கள். கல்லையும் ஓடுகளையும் உலர்ந்த நிலையில் அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா அறுக்கும் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுத்துவிடும். பக்கத்தில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும்.

கறையான் மருந்தாக அஸ்திவார மண்ணில் பெரும்பாலும் ஊற்றப்படுவது குளோர்பைரிபாஸ். நிலைத்து நிற்கும் கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சில விலக்குகளுடன் 2025-ல் சேர்க்கப்பட்ட பொருள் அது. உங்களுக்கு இதில் கூடுதல் கவலை ஒன்றும் உண்டு: பெங்களூரில் உங்கள் அளவு மனையில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், சம்ப் என்ற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும் மழைநீரை நிலத்தில் இறக்கும் கிணறும் அந்த மருந்து மண்ணிலிருந்து சில அடி தூரத்தில்தான் இருக்கப்போகின்றன. எனவே மருந்தை விட்டுவிட்டு, பிளிந்த் (அஸ்திவாரத்துக்கு மேல் தரை தொடங்கும்) மட்டத்தில் இடைவெளியே இல்லாத கான்கிரீட் பட்டை, மண்ணைத் தொடாத மரச்சட்டங்கள், போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றிப் பதப்படுத்திய மரம், கான்கிரீட் வார்க்கத் தாங்கலாக அடிக்கும் சென்ட்ரிங் பலகைத் துண்டு ஒன்றுகூட மண்ணில் புதையாமல் துப்புரவு செய்வது ஆகியவற்றை நம்பலாம். ஏற்கெனவே மனையில் புற்று இருந்தால் மட்டும், அந்த இடத்துக்கு மட்டும், தேர்ந்த ஆளைக் கொண்டு மருந்திடுங்கள்.

பாட்டியின் தேக்குக் கதவைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். புதிய மரம் ஒன்றை வெட்டாமல் இருப்பதைவிட நல்ல தேர்வு கிடையாது. அதன் மேல் பழைய பச்சையோ நீலமோ அடுக்கடுக்காகப் பூசியிருந்தால், அவற்றில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உப்புத்தாளால் உலரத் தேய்ப்பதும், ஊதுவிளக்கால் சுட்டுச் சுரண்டுவதும் ஈயத்தைத் தூசியாகவும் புகையாகவும் காற்றில் கலந்துவிடும். அந்த வேலையைச் சேலத்திலேயே, திறந்த வெளியில், பிள்ளைகள் இல்லாத இடத்தில், தரையில் பிளாஸ்டிக் விரித்து, ஈரமாக்கிச் சுரண்டி முடிக்கச் சொல்லுங்கள். செய்பவர் தூசியைத் தடுக்கும் என்95 முகக்கவசமாவது அணியட்டும். சுரண்டிய துகளை மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை ஆளி விதை எண்ணெய் தடவினால் போதும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.