மேலே கணக்கு எழுதுகிறவர்

கேள்வி: என் அம்மா 11 வருடம் எங்கள் அப்பாயியைப் படுக்கையில் வைத்துப் பார்த்தார். புண் வரக்கூடாது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைப்பார். ஒருநாள்கூட வந்து பார்க்காத பெரியப்பா, வீட்டையும் நிலத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார். அம்மா 54 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். பெரியப்பா 80 வயதிலும் திடமாக இருக்கிறார். மேலே ஒன்று இருக்கிறதா? அங்கேயாவது நியாயம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு நாளாக என் மேசை மேல் இருக்கிறது. மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆளில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன்.

பாரதத்தின் கடைசியில் தருமர் சொர்க்கத்துக்குள் போனதும் கண்ணில் படுவது துரியோதனன். ஆசனத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். தம்பிகளைக் காணோம். அப்போது தருமருக்கு வந்த கோபம்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது. தம்பிகளைத் தேடிப் போன வழி ஒரே இருட்டு, பிண நாற்றம். திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது, 'கொஞ்சம் நில்லுங்கள், உங்கள் மேல் பட்டு வரும் காற்று எங்களுக்கு இதமாக இருக்கிறது' என்று குரல்கள் கேட்கின்றன. கர்ணன், பீமன், அர்ஜுனன், திரௌபதி. தருமர் 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறார். பாவம் அதிகம் செய்தவனுக்கு முதலில் சொர்க்கம், அப்புறம் நரகம் என்று இந்திரன் பிறகு விளக்குகிறான். அந்த விளக்கம் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. தருமர் அங்கேயே நின்றது ஒப்புகிறது.

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. ஒரு கையில் ஏடு, ஒரு கையில் எழுத்தாணி. என் பாட்டி சித்ரா பௌர்ணமிக்கு அவர் உருவத்தை அரிசி மாவில் கோலமாகப் போடுவார். பக்கத்தில் என் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் இருக்கும். அன்றைக்கு அவருக்கு உப்பில்லாத சாப்பாடு. 'மலையளவு பாவத்தைக் கடுகளவா எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவா எழுது' என்று கும்பிடுவார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா இறந்த வருடம் வட்டிக்காரர் 200 ரூபாய் கொடுத்துவிட்டு 500 என்று எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கடனுக்காக ஏழு வருடம் களை எடுத்தார் பாட்டி.

எனக்குப் பத்து வயதிருக்கும். "உன்னை அப்படி ஏமாத்தினாங்க, நீயும் சாமியைப் பொய்க்கணக்கு எழுதச் சொல்றியே?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டுமா கேக்கறேன்? எல்லாருக்கும்தாண்டி."

"அந்த வட்டிக்காரருக்குமா?"

பாட்டி மாவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவனுக்கும்தான். ஆனா அவன் எழுதினதை மொதல்ல அவன் எதிர்லயே வாசிக்கணும். நான் பக்கத்துல நிக்கணும்."

எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். எண்ணெய்க் கொப்பரை எல்லாம் என் கற்பனையில் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணி என்று நீங்கள் எழுதியிருக்கிற அந்த வரியை, 11 வருடத்துக்கும் ஒரு ராத்திரி விடாமல், அங்கே சத்தமாக வாசிக்க வேண்டும். உங்கள் பெரியப்பா நின்று கேட்க வேண்டும், அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வாசித்து முடிந்த பிறகு அவரை என்ன செய்வது என்று உங்கள் அம்மாவைக் கேட்கட்டும்.