பூம்பாறை வரப்புகள் படத்தில் தெரியாதது ஏன்?

சிறிய செயற்கைக்கோள் ஒன்று எடுத்த படத்தை மென்பொருளில் பெரிதாக்கினால், கொடைக்கானல் அருகேயுள்ள பூம்பாறையின் வயல் வரப்புகள் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் பூம்பாறைப் பூண்டு வயல்களின் ஒரு மீட்டர் அகல வரப்புகள் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியமாட்டா. லென்ஸ் பிரித்துக் காட்டாத விவரத்தைப் பின்னர் மீட்க இயலாது.

நீங்கள் குறிப்பிட்ட செயற்கைக்கோள் 10 செ.மீ. அகலமே உடையது என்பதால், அதன் லென்ஸ் 9 செ.மீ. விட்டத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. 500 கி.மீ. உயரத்திலிருந்து 0.55 மைக்ரான் பச்சை ஒளியில் பார்க்கும்போது, விளிம்பு விளைவின் (லென்சின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதன்) காரணமாக, அத்தகைய லென்ஸ் தரையில் ஏறத்தாழ 3.7 மீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளை ஒன்றாகவே காட்டும். ஒரு மீட்டர் நுணுக்கத்துக்குச் சுமார் 34 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் வேண்டும். அந்தச் செயற்கைக்கோளுக்குள் அது அடங்காது. ஆகவே, விற்பனைக் குறிப்பில் உள்ள பிக்சல் அளவை (ஒரு படப்புள்ளி தரையில் குறிக்கும் அகலத்தை) மட்டும் நம்பிப் படம் வாங்காதீர்கள்.

உறுதிசெய்துகொள்ள, கொடைக்கானல் ஏரியில் மரநிழல் விழாத கரைப்பகுதி ஒன்றைத் தேர்ந்து, நீரிலிருந்து நிலத்துக்கு நிறம் மாற எத்தனை பிக்சல்கள் ஆகின்றன என்று பச்சைப் பட்டையிலும் (பச்சை ஒளியில் மட்டும் பதிவான படம்), கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புப் பட்டையிலும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். அலைநீளம் கூடக்கூட மங்கலும் கூடும் என்பதால், அகச்சிவப்பில் கரை மேலும் மங்கினால் லென்சின் விட்டமே காரணமாக இருக்கக்கூடும். இரண்டிலும் ஒரே அளவு மங்கியிருந்தால், தரைமேல் நொடிக்கு 7 கி.மீ. விரையும் செயற்கைக்கோளின் அசைவையோ குவியப் பிழையையோ ஐயுறலாம்.

மூடுபனி நாளின் படத்தில் இச்சோதனை பயன்படாது.