ஜோத்பூரில் இரண்டு நாள்தான் இருப்போம். எதைத் தவறவிடக் கூடாது?

இரண்டு நாள் தாராளம். நான் அம்மாவோடு ஒரு ஜனவரியில் போனேன். வெயில் உறைக்காத மாதம், வயதானவர்களோடு போக ஏற்றது. மன்னார்குடியிலிருந்து வாராந்திர ரயில் ஒன்று ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையம் வரை போகிறது.

முதல் நாள் முழுவதையும் மெஹ்ரான்கட் கோட்டைக்கே கொடுத்துவிடுங்கள். 1459இல் ராவ் ஜோதா தொடங்கி வைத்த கோட்டை. ஊருக்கு மேலே சுமார் 120 மீட்டர் உயரத்தில், பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி நிற்கிறது. லிஃப்ட் இருக்கிறது. ஆனால் முடிந்தவர்கள் வாசல் வாசலாக நடந்தே ஏறுங்கள். பீரங்கிக் குண்டு பட்ட பள்ளங்கள் ஒரு வாசல் சுவரில் இன்னும் இருக்கின்றன.

லோஹா போல் என்ற கடைசி வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கைகள். 1843இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய அரண்மனைப் பெண்களின் நினைவு அது. செந்தூரம் பூசி, வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. அம்மா தன் கையைத் தொடாமல் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாமே அவர் கையைவிடச் சின்னவை. அப்புறம் வெகுநேரம் அம்மா பேசவே இல்லை.

உள்ளே அம்பாரிகள், பல்லக்குகள், ஷீஷ் மகால் என்ற கண்ணாடி மாளிகை எல்லாம் உண்டு. பூல் மகாலின் தங்கம் பூசிய கூரையை அண்ணாந்து பாருங்கள். கட்டியவர் மகாராஜா அபய்சிங். இந்தப் பெயர் நாளைக்கும் வரும்.

கோட்டையை ஒட்டி ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. பயணிகள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் வளர்ந்தவன், சீமைக்கருவேலம் ஒரு ஊரை என்ன செய்யும் என்று தெரியும். இங்கும் அதுதான் பரவிக் கிடந்தது. 2006இலிருந்து, பாறை உடைப்பதில் தேர்ந்த தொழிலாளர்களைக் கொண்டு உளியும் சுத்தியலுமாகப் பாறையைப் பிளந்து வேரோடு எடுத்திருக்கிறார்கள். குழிகளில் மண் நிரப்பி அந்த மண்ணுக்கே உரிய கள்ளியும் செடிகொடிகளும் நட்டார்கள். எரிமலைப் பாறையிடுக்கில் அவை தழைத்து நிற்பதைப் பார்த்தபோது ஊர்க் கண்மாய்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள் காலையில் கேஜர்லி கிராமத்துக்குப் போங்கள், சுமார் 25 கி.மீ. 1730இல் அதே அபய்சிங்கின் ஆட்கள் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேடி இங்கே வந்தார்கள். மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமய நெறியாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்து அம்ருதா தேவி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரையும் சேர்த்து வெட்டினார்கள். அடுத்து அவருடைய மூன்று மகள்கள், அப்புறம் சுற்று ஊர்க்காரர்கள். மொத்தம் 363 பேர். சேதி எட்டிய பிறகுதான் அரசர் வெட்டுவதை நிறுத்தினார். அவர்கள் கேஜ்ரி என்கிற அந்த மரம், நம் சிவன் கோயில்களில் தலவிருட்சமாகச் சுற்றிவரும் அதே வன்னி. அதைச் சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அடிமரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பெரிய காட்சி எதையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். மரங்களும் ஒரு நினைவிடமும்தான். இருந்தாலும் அரண்மனைகளைவிட இந்த இடம்தான் எனக்குள் ஆழமாக இறங்கியது.

மதியம் ஊருக்குத் திரும்பிக் கேர் சாங்ரி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கேர் என்பது பாலைவனப் புதரில் காய்க்கும் சின்னக் காய், சாங்ரி என்பது வன்னிக் காயை உலர்த்தியது. சாங்ரி குச்சி மாதிரி இருக்கும், ஊறி வெந்ததும் காரமும் புளிப்புமாகக் கம்பு ரொட்டிக்கு அப்படிப் பொருந்தும்.

நேரம் மிஞ்சினால் உமைத் பவன். 1929இல், பஞ்சத்தில் தவித்த மக்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று தொடங்கிய அரண்மனை. அருங்காட்சியகப் பகுதியை மட்டும்தான் பார்க்க முடியும், ஒரு மணி நேரம் போதும். கிளம்பும் முன் சந்தையில் கால் கிலோ சாங்ரி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது மூன்று மாதம் வந்தது.