ஒட்டிய படமும் எழுதாத பெயரும் – கடிதம்

அன்புள்ள அம்மா,

நான் மும்பையில், முலுண்டில் இருக்கிறேன். ஊர் தூத்துக்குடிப் பக்கம். தாதரில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். கணவர், எட்டு வயது மகள், மாமியார். நாலே முக்காலுக்கு எழுந்து டப்பா கட்டி வைத்துவிட்டு லோக்கல் பிடித்தால் மதியம் மூன்று மணிக்குத்தான் வீடு. கூடவே நாற்பத்தெட்டு நோட்டும் வரும். எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு ஸ்கிராப்புக் செய்வது. மகளின் போட்டோ, பஸ் டிக்கெட், கோயில் பிரசாதக் கவர் எல்லாவற்றையும் அழகாக ஒட்டுவேன். மாதம் ஒருமுறை மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி அப்துல் ரஹ்மான் தெருவில் கலர் பேப்பர், டேப், ஸ்டிக்கர் வாங்குவேன். இரவு பத்துக்கு மேல் மேசையில் பரப்பினால் கணவர், "குப்பை சேர்க்கிறாய்" என்கிறார். மாமியார், அந்த நேரத்தில் நாலு பிள்ளைக்கு டியூஷன் எடுக்கலாமே என்கிறார். திருத்தாத நோட்டு பையில் இருக்கும்போது கத்தரிக்கோலை எடுத்தால் எனக்கே உறுத்துகிறது. பள்ளி, வீடு, இது மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? நேரத்தைப் பிரித்துக்கொள்ள ஏதாவது ஆப் உண்டா? இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கலாமா? நான் செய்த ஐந்து பக்கங்களை இணைத்திருக்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது, அதனால் எதுவும் எழுதவில்லை, ஸ்டிக்கர் எழுத்துதான். மகளுக்குத் தமிழ் படிக்கவும் வராது.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள முலுண்டு டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் அம்மாவின் டிரங்குப் பெட்டியை பால்கனி வெயிலில் திறந்து வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் வருடா வருடம் செய்வது. பெட்டியில் இருப்பவை ஆறு நோட்டுகள், உங்களுடையது போலவே ஒட்டு வேலை. அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஐந்து பக்கங்களையும் போனில் பார்த்தேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருப்பேனா தெரியாது.

ஆப் வேண்டாம். நாலே முக்காலுக்கு எழுந்து லோக்கல் பிடிக்கிற பெண்ணுக்கு நேரத்தைப் பற்றிப் போன் சொல்லித்தர ஒன்றுமில்லை. இன்ஸ்டாகிராம் ஆர்டரும் வேண்டவே வேண்டாம். ஆர்டர் எடுத்த அன்றோடு அது உங்களுடையது இல்லை, மூன்றாவது வேலை. மாமியார் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காசு கஷ்டம் பார்த்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். கணவரிடம் சனிக்கிழமை மாவு அரைக்கிற வேலையைக் கொடுத்துவிடுங்கள். உறுத்தலைப் பற்றிக் கேட்டால், நானும் பதினோரு வருடம் பாடம் நடத்தியவள்தான், நோட்டுக் கட்டு என்றைக்கும் குறைந்து நான் பார்த்ததில்லை. அது தீரட்டும் என்று காத்திருந்தால் ரிடையர்மெண்ட் வந்துவிடும். சரி, இவ்வளவுதான்.

கணவர் குப்பை என்று சொன்னதில் உங்களுக்குக் கோபம். எனக்கு உங்கள் மேல்தான் கோபம். ஐந்து பக்கங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மினுங்கும் எழுத்தில் 'ஹேப்பி மெமரீஸ்' இருக்கிறது, 'மை பிரின்சஸ்' இருக்கிறது, தங்க நிற நட்சத்திரம் பதினேழு இருக்கிறது. உங்கள் கையால் எழுதிய ஒரு சொல் இல்லை. குழந்தையின் பெயர் இல்லை, தேதி இல்லை, எந்த ஊர் என்று இல்லை. என்ன வேலை இது?

என் அம்மா 1961-இல் கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தவள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அப்பாவுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கழித்துப்போட்ட பழைய ரிஜிஸ்தர்களைக் கேட்டு வாங்கி வருவார், மறுபக்கத்தில் அம்மா ஒட்டுவாள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க பைண்டிங்காரர்கள் போடுவது போல மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகை கலந்து, விரலாலேயே தடவுவாள். விகடனில் வந்த கோபுலு படம், சில்பி வரைந்த கோயில் சிற்பம், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, பாவாடை தைத்த மிச்சத் துணி, அப்போதெல்லாம் கண்டக்டர் டிக் டிக்கென்று ஓட்டை போட்டுத் தந்த பெஸ்ட் பஸ் டிக்கெட். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒர்க்‌ஷாப் பென்சிலால் ஒரு வரி, இரண்டு வரி.

எப்போது எழுதினாள் என்று கேட்பீர்கள். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும். டிரம் நிரம்ப இருபது நிமிடம் ஆகும், குழாயை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் அடுத்த வீட்டுக்காரி குடத்தை வைத்துவிடுவாள். அந்த இருபது நிமிடம் குழாயடிப் படியில் உட்கார்ந்து, முந்தின நாள் ஒட்டியதற்குக் கீழே எழுதுவாள். மூன்று பிள்ளைகள், மாமனார், ஒரே அறை வீடு. அவளுக்கு மேசையே கிடையாது.

2005 ஜூலை 26. முலுண்டில் இருப்பவருக்கு அந்தத் தேதியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அம்மா அப்போது கலினாவில், கீழ்த்தள வீடு. கட்டிலுக்கு மேலே தண்ணீர் வந்துவிட்டது. அவளை மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. செம்பூரிலிருந்து நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. பெட்டியைத் திறந்தால் சாக்கடை வாடை, நோட்டுகள் ஊறி உப்பி ஒவ்வொன்றும் தலையணை மாதிரி இருந்தன.

போட்டோக்கள் ஒன்றோடொன்று முகம் ஒட்டிக் கட்டியாகிவிட்டன, பிரித்தால் இரண்டு முகமும் உரிந்து வந்தது. பசை கரைந்து, ஒட்டிய படம், டிக்கெட், துணி எல்லாம் மிதந்து பெட்டியின் அடியில் கூழாகக் கிடந்தன. அப்பா மைப்பேனாவால் எழுதிய கணக்குகள் வெறும் நீலக் கறை. ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பேப்பரை வைத்து, ஃபேனுக்கு அடியில் நாலு நாள் காயப் போட்டோம். காய்ந்த பிறகு பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம், படம் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு கட்டம், அதற்குக் கீழே பென்சில் எழுத்து. ஒன்றுகூடக் கலையவில்லை. கரியை ஈரம் ஒன்றும் செய்யாது.

'சயான் ஆஸ்பத்திரி போன டிக்கெட். பெரியவளுக்குக் காய்ச்சல். சில்லறை இல்லை, கண்டக்டர் பரவாயில்லை என்றார்.' டிக்கெட் இல்லை. அந்தக் கண்டக்டர் இருக்கிறார்.

'சின்னவள் பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று. செருப்பு எதிர்வீட்டுப் பிள்ளையுடையது. திருப்பிக் கொடுத்தாச்சு.' சின்னவள் நான்தான். போட்டோ போய்விட்டது. அந்தச் செருப்பு இரவல் என்பது எனக்கு நாற்பத்து மூன்றாவது வயதில், காய்ந்த தாளைப் பிரித்தபோதுதான் தெரியும். பிரித்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிளாஸ்டிக் கவருக்குள் இருந்ததால் ஒரே ஒரு போட்டோ மட்டும் தப்பியது. கிணற்றடியில் அரை டிராயர் போட்ட ஒரு பையன், ஆறு வயது இருக்கும், கையில் ஏதோ காய். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. அம்மாவிடம் நான் கேட்டிருக்க வேண்டும், அந்த வாரம் வீடு இருந்த நிலையில் கேட்கத் தோன்றவில்லை, அப்புறம் மறந்தே போயிற்று. 2011-இல் அம்மா போய்விட்டாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறேன். ஒரு சித்தி அது செத்துப்போன மாமா என்கிறாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டுப் பையன் என்கிறாள். எல்லாவற்றுக்கும் கீழே எழுதியவள் அவனுக்கு மட்டும் ஏன் எழுதவில்லை? இவனை யார் மறப்பார்கள் என்று நினைத்திருப்பாள். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளின் படத்துக்குக் கீழே நீங்களும் அப்படி நினைத்துத்தான் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், கையெழுத்து சரியில்லை என்பதெல்லாம் சாக்கு. தினமும் நாற்பத்தெட்டு பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதுகிற கை அது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கையெழுத்து, சொந்த மகளுக்கு மட்டும் ஸ்டிக்கரா? உங்கள் எழுத்து கோணலாகவே இருக்கட்டும். இருபது வருடம் கழித்து அவள் அந்தக் கோணலைத்தான் விரலால் தடவிப் பார்க்கப் போகிறாள்.

உங்கள் கணவர் குப்பை என்கிறாரே, அவரிடம் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லுங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகையோடு கல்யாண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப்போடுவதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தார். அவர் சேர்த்ததை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அது வெளிநாட்டுக்குப் போகாமல், 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஆனால் ஒன்று கவனியுங்கள். கல்யாணப் பத்திரிகையில் நாள், நட்சத்திரம், ஊர், இன்னார் மகன், இன்னார் பேத்தி எல்லாம் அச்சில் இருக்கும். நாடக நோட்டீஸில் கொட்டகை, டிக்கெட் விலை உட்பட இருக்கும். அதனால் நூறு வருடம் கழித்தும் அது பேசுகிறது. வீட்டில் எடுத்த போட்டோவில் என்ன இருக்கிறது? நாம் எழுதினால்தான் உண்டு. எழுதாமல் விட்டால், சொல்ல வருத்தமாக இருக்கிறது, உங்கள் கணவர் சொன்னதுதான் ஒருநாள் சரியாகிவிடும்.

எழுதும்போது 'என் செல்லம்', 'இனிய நாள்' என்று எழுதாதீர்கள், அது ஸ்டிக்கர்தான், கையால் எழுதிய ஸ்டிக்கர். யார், என்றைக்கு, எங்கே, படம் எடுத்தது யார், படத்துக்கு வெளியே என்ன நடந்தது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அன்றைக்கு லோக்கல் லேட்டா, சாம்பாரில் உப்பு கூடிவிட்டதா, மாமியாரோடு சண்டையா, அதையும் எழுதுங்கள். வீட்டையும் இதையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டீர்கள். வீட்டை விட்டால் அந்த நோட்டில் எழுத வேறு என்னம்மா இருக்கிறது?

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது பக்கத்தில் செல்லோடேப் போட்டிருக்கிறீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகிப் பசையைக் கக்கும், இப்போதே எடுத்துவிட்டு போட்டோவின் நாலு முனையையும் காகித மூலையில் செருகுங்கள். மூன்றாவது பக்கத்தில் இருக்கும் பஸ் டிக்கெட் மெஷினில் வந்தது, சூட்டில் எழுத்து வருகிற தாள், இரண்டு மூன்று வருடத்தில் வெள்ளைத் தாளாகப் போய்விடும், அதில் இருப்பதை இன்றைக்கே பக்கத்தில் எழுதுங்கள். லேபில் பிரிண்ட் போட்ட வழவழப்பான போட்டோவின் முதுகில் பென்சில் பிடிக்காது, போட்டோவுக்குக் கீழே நோட்டுத் தாளில் எழுதுங்கள். மைதா வேண்டாம், அம்மா போட்ட துத்தத்தையும் மீறி ராமபாணம் வந்துவிடும். அவ்வளவு விலை கொடுத்து டேப் வாங்காதீர்கள். ஐந்து ரூபாய் எச்.பி. பென்சில் போதும்.

மகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். டீச்சர் நீங்கள், அந்த வரியை எழுதும்போது கை கூசியிருக்க வேண்டும். நான் இந்த ஊர் முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் தமிழில்தான் படித்தேன், மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் ஊர் இது. உங்கள் மகளை அங்கே சேர்க்கச் சொல்லவில்லை. அவள் படத்துக்குக் கீழே அவள் பெயரைத் தமிழில் எழுதுங்கள் என்கிறேன். மராத்தி படிக்கிற குழந்தை, எழுத்தைக் கூட்டிப் படிப்பது அவளுக்குப் புதிதில்லை. தன் பெயர் எங்கே, ஆச்சி பெயர் எங்கே என்று தேடித் தேடியே பாதி எழுத்தைப் பிடித்துவிடுவாள். மீதியை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். கத்தரிக்கோல் அவள் கையில் இருக்கட்டும், பென்சில் உங்கள் கையில்.

நாலாவது பக்கத்துக்கு வருகிறேன், அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முலுண்டு ஸ்டேஷன் பாலத்தில் உங்கள் மகள் நிற்கிறாள், ஸ்கூல் யூனிஃபார்ம், ஒரு காலில் ஷூ இல்லை, சிரிப்பு. சுற்றிலும் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறீர்கள். இடது ஓரத்தில், ஒரு நட்சத்திரத்துக்கு அடியில், குழந்தையின் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி ஒரு கை தெரிகிறது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் உங்கள் கை இல்லை. மாமியார் கை மாதிரியும் தெரியவில்லை, இளம் கை. அந்த நட்சத்திரத்தை மெல்லப் பிரித்து எடுங்கள். அது யார் கை?