மீன் காதுக்கல்: வினிகர் வேண்டாம்

கத்தாழை மீனின் காதுக்கல்லை எடுக்க மண்டையை மேலிருந்து பிளந்ததில் ஒரு கல் உடைந்துவிட்டது, மற்றதை வினிகரில் ஊறவைத்ததும் மங்கிவிட்டது என்கிறீர்கள். காதுக்கல், அதாவது மீனின் உட்காதில் இருக்கும் கல், கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும், போன பளபளப்பு திரும்பாது. எலுமிச்சைச் சாறும் வேண்டாம்.

அடுத்த கத்தாழை மீனில் கீழ்ப்பக்கமாகப் போங்கள். செவுள்களை அகற்றி, மண்டையோட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டினால், பின்பகுதியில் இருபுறமும் எலும்பு புடைத்திருக்கும். கத்திமுனையால் அதன் ஓரத்தை மெதுவாக நெம்புங்கள், குத்தாதீர்கள். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய கல் இருக்கும். (மொத்தம் மூன்று ஜோடி, மற்றவை மிகப் பொடிசு.) இடுக்கியால் எடுத்து, ஈரம் காயுமுன் மெல்லிய சவ்வை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் நிழலில் உலர்த்தினால் போதும்.

மங்கிய கல்லையும் எறியாதீர்கள், அதுவும் நீங்கள் பிடித்த மீனுடையதுதானே.