ஏற்பு ஊசி போட்ட கை ஏன் கடுக்கிறது?

கேள்வி: வயலில் மண்வெட்டி பட்டுக் காலில் வெட்டுக்காயம். ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிக் கட்டி, இடது கையில் ஏற்பு ஊசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டார்கள். குத்தியபோது பெரிதாக நோகவில்லை. இரவிலிருந்து கையைத் தூக்க ஏலாமல் கடுக்கிறது. ஊசியைப் பிழையாகப் போட்டுவிட்டார்களா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பயப்பட வேண்டாம். ஊசிமுனை குத்திய நோ சில நிமிடங்களில் அடங்கிவிடும். சில மணி நேரம் கழித்துத் தொடங்கும் கடுப்பு, உங்கள் உடம்பு மருந்தை எதிர்கொள்வதால் வருவது.

தோளுக்குக் கீழுள்ள தசைக்குள் 0.5 மில்லிலீற்றர் மருந்து போகிறது. அதில் வீரியம் நீக்கிய ஏற்பு நச்சும் சிறிதளவு அலுமினிய உப்பும் உண்டு. நோயெதிர்ப்புக் கலங்களை உசுப்பி அவ்விடத்துக்கு வரவழைக்கத்தான் அந்த உப்பு. வந்த கலங்கள் சுரக்கும் இரசாயனங்களால் இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. இடம் வீங்கிச் சூடாகிறது, நரம்பு நுனிகள் கூருணர்வு அடைகின்றன. அதனால்தான் கையை அசைத்தாலே நோகிறது. முதல் இரண்டு நாளும் கூடுதலாக இருந்து, பிறகு தானாகக் குறையும். நோகாதவருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்றும் எண்ணக் கூடாது.

ஏற்பு ஊசி முன்பே பல தடவை போட்டவருக்கு நோ கூடலாம். உடம்பில் ஏற்கெனவே உள்ள எதிர்ப்புப் பொருள் புது மருந்தை உடனே வளைத்துப் பிடிக்கும். குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டால் முழங்கை வரைகூட வீங்குவதுண்டு. ஆகவே ஊசி போட்ட திகதியை எழுதிய துண்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த காயத்தின்போது காட்டுங்கள்.

பிழையாகப் போடுவதும் நடக்கக்கூடியதுதான். தோள் எலும்பு நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, நேராகக் குத்த வேண்டும். அதற்கு மேலே குத்தினால் மருந்து தோள்மூட்டுப் பக்கம் போய்விடலாம். தலைவாரக்கூடக் கை எழும்பாது, வாரக்கணக்கில் நோ தீராது. ஆழமில்லாமல் குத்தினால் தோலடியில் கட்டியும் கடியும் வரும். ஒரு வாரத்திலும் நோ குறையாவிட்டால், அல்லது சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், வைத்தியரிடம் காட்டுங்கள்.

இப்போதைக்குக் குளிர்ந்த ஈரத்துணி ஒற்றுங்கள். கையைக் கட்டிப்போடாமல் மெதுவாக அசையுங்கள். தாங்க ஏலாவிட்டால் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் ஒன்று அல்லது இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பு மகளுக்குப் பாடசாலையில் தடுப்பூசி போடப்போகிறார்கள். முன்கூட்டியே பனடோல் கொடுக்கலாமா? நல்லெண்ணெய் சூடாக்கி உருவலாமா?
– தாய், முள்ளியவளை

பதில்: இரண்டும் வேண்டாம். குழந்தைகளில் முன்கூட்டிக் கொடுத்த பரசிற்றமோல் சில தடுப்பூசிகளுக்கான எதிர்ப்புப் பொருளைக் குறைத்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. உருவினால் வீங்கிய தசை இன்னும் நோகும். ஊசி போடும்போது கையை இறுக்காமல் தொங்கவிடச் சொல்லுங்கள்; இறுகிய தசையில் நோ அதிகம்.

பிறகு நொந்தால் உடல் நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் கொடுக்கலாம். 25 கிலோப் பிள்ளைக்கு 375 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் முக்கால். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் ஊசியின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள், இது மாரிகாலம். டெங்குவா என்று இரத்தம் சோதியுங்கள். அதுவரை ஐபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் கொடுக்க வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.