வங்கிப் பக்கம் ஏன் வெள்ளையாக நிற்கிறது?

கேள்வி: புறக்கோட்டையில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மொத்தம் 14 பேர். எனக்குக் கணினி கொஞ்சம் தெரியும் என்பதால் அலுவலக இணையத்தை வடிகட்டும் ஃபயர்வோலும் என் தலையில்தான். முதலாளி சொன்னபடி சமூக ஊடகம், காணொளி, விளையாட்டு வகைகளோடு வகைப்படுத்தப்படாத தளங்களையும் மூடினேன். இப்போது வங்கிப் பக்கத்தில் லொகின் வருகிறது. பணம் செலுத்தப் போனால் வெள்ளைத் திரைதான். வங்கியின் முகவரியை வைட்லிஸ்டில் (அனுமதிப் பட்டியலில்) போட்டும் சரிவரவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு, தேவையான தளங்களை மட்டும் திறந்துவிடலாமா?
- வாசகர், கொழும்பு 11

பதில்: அவசரப்பட வேண்டாம் தம்பி, முதலில் அந்த வெள்ளைத் திரையைப் பார்ப்போம்.

வங்கிப் பக்கம் முழுவதும் வங்கியிடமிருந்தே வருவதில்லை. எழுத்துரு ஓரிடத்திலிருந்தும், கார்ட் இலக்கம் கேட்கும் பெட்டி வேறொரு கொடுப்பனவு நிறுவனத்திலிருந்தும் வரலாம். நீங்கள் வாசற்கதவைத்தான் திறந்திருக்கிறீர்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பணம் செலுத்திப் பாருங்கள். சிவப்பில் நிற்கும் வரிகளில் உள்ள பெயர்களை அதே நிமிடத்து ஃபயர்வோல் லொக்கில் (பதிவேட்டில்) தேடினால், எந்த வகை தடுத்தது என்று தெரியும். பெரும்பாலும் அந்த ‘வகைப்படுத்தப்படாதவை’தான். அந்தப் பெயரை மட்டும் சேருங்கள், போதும்.

உங்கள் ஃபயர்வோல் ஃபோர்ட்டிகேட் ரகம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். முகவரிப் பட்டியலில் ‘அலவ்’ (அனுமதி) என்று போட்டால், தளம் அதற்குப் பிறகும் வகைச் சோதனைக்குப் போகும், அங்கே தடைபடலாம். ‘எக்ஸெம்ப்ட்’ (விலக்கு) போட்டால் வகைச் சோதனையைத் தாண்டிவிடும், ஆனால் வைரஸ் சோதனையையும் சேர்த்தே தாண்டிவிடும். ஆகவே யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றக்கூடிய மேகச் சேமிப்புத் தளங்களுக்கு எக்ஸெம்ப்ட் கொடுக்கவே கூடாது.

வைட்லிஸ்ட் மட்டும் வைப்பது உங்கள் அலுவலகத்துக்குச் சரிவராது. இன்று ஒரு கப்பல் நிறுவனத்தின் தளம், நாளை இன்னொன்று என்று தேவை மாறிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் உங்கள் மேசைக்கு வருவார்கள். கணக்குப் பகுதியில் பணம் அனுப்பும் கணினி ஒன்று இருக்குமே, அதற்கு மட்டும் வையுங்கள்: வங்கி, உள்நாட்டு இறைவரித் திணைக்களம், சுங்கம், ஊழியர் சேமலாப நிதி, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வகை விதிகளே நல்லது. திறக்கும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் யார் கேட்டார், எதற்கு, எந்தத் திகதி என்று எழுதி வையுங்கள். ‘டாட் இலங்கை’ என்று முடியும் தமிழ் முகவரி என்றால் கருவிக்குத் தெரிவது அதன் லத்தீன் எழுத்து வடிவம்தான். லொக்கில் உள்ளபடியே எடுத்துப் போடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த அலுவலகத்தில், வகை விதியோடு, குறிப்பிட்ட சொல் இருந்தால் பக்கத்தையே தடுக்கும் சொற்தடையும் போட்டிருந்தோம். மார்பகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அதில் இருந்தது. ஒரு மாலை லொக்கைப் புரட்டும்போது, கணக்குப் பகுதி அக்கா ஒருவரின் கணினி ஒரே பக்கத்தை நான்கு தடவை கேட்டுத் தடைபட்டிருந்தது தெரிந்தது. அது மார்பகப் புற்றுநோய் கிளினிக் ஒன்றின் முன்பதிவுப் பக்கம். சிவப்பு எழுத்தில் ‘ஆபாசம்’ என்று திரையில் வந்திருக்கும். பக்கத்து மேசையில் இரண்டு பெடியன்கள். அவர் எங்களிடம் வந்து கேட்கவில்லை, எப்படிக் கேட்பார்? அடுத்த நாளே சொற்தடையை முழுவதும் எடுத்தேன். அதன்பிறகு எந்த அலுவலகத்திலும் நான் அதைப் போட்டதில்லை. சுகாதார வகையை மூடியதும் இல்லை.

ஆகவே உங்கள் தடைப் பக்கத்தையும் இன்றைக்கே மாற்றுங்கள். குற்றம் சொல்லும் வாசகம் வேண்டாம். ‘இந்தத் தளம் தேவையென்றால் அழையுங்கள்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, உங்கள் தொலைபேசி நீட்டிப்பு இலக்கத்தையும் போடுங்கள். அப்புறம், காரணம் சொல்லாமலே யாராவது கேட்டால் திறந்து கொடுங்கள்; குறிப்பில் ‘எதற்கு’ என்ற இடம் வெறுமையாக இருக்கட்டும்.